மங்கிய அம்புக்குறி

1

இந்தக் கதை என் சொந்த யோசனை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ கேட்டுவைத்திருந்த கேள்வி கண்ணில் பட்டது. 'என் பக்கத்தில் உள்ள இணைப்புகளை அழுத்தினால் அவை புது டேபில் திறக்க வேண்டும், அதற்கு என்ன செய்வது?' கீழே பதிலும் இருந்தது. ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தால் போதுமாம். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்தான் போகவில்லை.

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். யாராவது நலம் விசாரித்தாலே எதற்காக விசாரிக்கிறார் என்று யோசிக்கிற ஆள். இவருக்கு எதற்கு இது? வாசிக்க வந்தவர் ஓர் இணைப்பை அழுத்தி வேறு இடத்துக்குப் போகிறார். பிடித்திருந்தால் திரும்பி வருவார், இல்லையென்றால் வரமாட்டார். அது அவர் இஷ்டம். புது டேபில் திற என்று எழுதிவைக்கிறவருக்கு அந்த இஷ்டத்தில் நம்பிக்கை இல்லை. போகிறவர் போகட்டும், ஆனால் என் பக்கம் அவருக்குப் பின்னால் மூடாமல் நின்றுகொண்டிருக்கட்டும் என்கிறார். வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுச் சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொள்கிற காரியம் இது. வாசகருக்கு வசதி என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

(டேபைத் 'தாவல்' என்று எழுத வேண்டும் என்று ஒரு நண்பர் திருத்தினார். எழுதிப் பார்த்தேன். கதை முழுக்கக் குரங்கு நடமாடியது. டேப் என்றே இருக்கட்டும்.)

இப்படி ஒரு சொல்லைச் சேர்த்ததால் ஒரு வீட்டில் ஓர் ஆள் குறைய முடியுமா என்று யோசித்தேன். முடியும் என்று தோன்றியது. அந்த வீட்டைத்தான் இப்போது கட்ட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் கணினித் திரையில் சாய்ந்து விழுந்தபோது அவள்'

இதை இங்கேயே விட்டுவிட்டேன். மாலை வெயிலில் ஆரம்பிக்கிற கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'மாமியாரை வீட்டைவிட்டு அனுப்ப மருமகள் போட்ட திட்டம்'

இதுவும் வேண்டாம். மாமியார், மருமகள் என்று இரண்டு சொற்களை எழுதினாலே உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொடரின் பின்னணி இசைகூடக் கேட்கிறது. தவிர, இந்த வாக்கியம் பொய். எழுதிய அன்று பொய் என்று உறுதியாக நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. இதை அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன், நீங்களும் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொடக்கம் நின்றது: அவள் இணையப் பக்கங்கள் கட்டுகிறவள்.

தையல் கடைக்கு மேலே, படி ஏறியதும் இடப்பக்கம் அவள் வேலை பார்க்கும் அறை. கீழே இயந்திரங்கள் ஓடும்போது மேலே மேசைகள் லேசாக அதிரும். பழகியவர்கள் தேநீர்க் கோப்பையை மேசை ஓரத்தில் வைக்க மாட்டார்கள். அங்கே ஒரு நாள் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் கடைக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார். பக்கத்தில் என்னென்ன இணைப்புகள் வர வேண்டும் என்று முகவரிகளையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் முக்கியம்மா. கடைக்குள்ள வந்தவங்க கடைய விட்டுப் போயிடக் கூடாது. எந்த லிங்க்கை அழுத்தினாலும் தனியா தொறக்கட்டும். நம்ம பக்கம் பின்னாடி அப்படியே இருக்கணும்."

"சரி சார்."

அவளும் அப்படியே செய்தாள். ஒவ்வோர் இணைப்பாகப் போய் அந்தச் சொல்லை எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? எல்லா இணைப்புகளையும் தேடிப் பிடித்து ஒரே அடியில் சேர்த்துவிட்டாள். எது எங்கே போகிறது என்று திறந்து பார்க்கவில்லை. அந்தத் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை. கதவு வைக்கிற ஆசாரி ஒவ்வோர் அறைக்குள்ளும் குடியிருந்து பார்ப்பதில்லையே.

3

அவளுடைய மாமியார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய நாட்களில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, இங்கிருக்கும் ஒயரைப் பிடுங்கி அங்கே செருகி, ஒருவர் குரலை இன்னொருவரிடம் சேர்த்துவைத்தவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்சேஞ்ச் அம்மா'. இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால் "லைன்ல இருங்க, வரேன்" என்றுதான் உள்ளிருந்து குரல் வரும்.

வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மகனுக்கு வெளியூரில் துறைமுக வேலை, மாதம் ஒருமுறை வருவான். கூடத்தில் ஒரு கணினி. பகலில் அது மாமியாருடையது, மாலையில் மருமகளுடையது. மருந்துக்கடைப் பக்கம் வெளியானதும் மருமகளே அதைத் திறந்து காட்டினாள்.

"இது நான் செஞ்சது அத்தை. எந்த மாத்திரைய எப்ப போடணும்னு இதுலயே இருக்கு. இங்க அழுத்துங்க, போதும்."

மாமியாருக்கு ஒரே பெருமை. எதிர்வீட்டு ஆசிரியையைக் கூப்பிட்டு, "எம் மருமக கட்டினது" என்று திரையைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

சில நாள் கழித்து, ஒரு மாலையில் மருமகள் கணினி முன் உட்கார்ந்தபோது அவளுக்குத் தெரியாத ஒரு பக்கம் திறந்திருந்தது. ஒரு தோட்டம், ஒரு மர பெஞ்சு, அதில் இரண்டு முதியவர்கள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'மூத்தோர் இல்லம்' என்றும், அதன் கீழே 'உங்கள் அறை உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்றும் இருந்தது.

அவளுக்கு முதலில் வலித்தது. நான் என்ன குறை வைத்தேன்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? என்னைத் தெரியாத ஊர்க்காரி மாதிரி நினைத்து, நான் இல்லாத நேரம் பார்த்தா தேடுவது?

இதுவரை சரி. இதற்கடுத்து என்ன நடந்தது என்பதை நான் இரண்டு முறை எழுதி இரண்டு முறை எடுத்துவிட்டேன். மூன்றாம் முறை எடுக்க மனம் வரவில்லை. அவள் நிமிர்ந்து உள்ளறையைப் பார்த்தாள். மாமியாரின் கட்டில் இருக்கும் இடத்தில் தன் மேசையைப் போட்டால் ஜன்னல் இடப்பக்கம் வரும், எழுதும் கையின் நிழல் விழாது என்று நினைத்தாள். ஒரு நொடிதான். அதற்குள் மேசையைப் போட்டு, நாற்காலியும் போட்டுவிட்டாள்.

பிறகு சமையலறைக்குப் போனாள். அந்த டேபை மூடவில்லை.

அடுத்த நாள் மாலை அதே இல்லம் இரண்டு டேப்களில் திறந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. மேலே வரிசையாக, ஒரே பெஞ்சு, ஒரே சிரிப்பு. ஒன்றையும் அவள் மூடவில்லை.

3 (மறுபடி)

ஏன் மூடவில்லை? அவளைப் படைத்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த இடத்தில் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கேட்டால், "அவங்க பாத்துட்டு இருக்கறத நான் மூடினா, ஏன் மூடினேன்னு நெனப்பாங்க" என்பாள். மரியாதை நிறைந்த பதில். எனக்குச் சந்தேகமாக இருப்பதே அந்த மரியாதைதான். சும்மா இருப்பதைப்போல வசதியான காரியம் வேறு கிடையாது. யாரையும் தள்ளவில்லை, யாரையும் தடுக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

(வாசகி ஒருவர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "அந்த நேரத்துல உங்க மகன் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று கேட்டார். என் மகன் இல்லை அம்மா, மாமியாரின் மகன். ஆனால் நியாயமான கேள்வி.)

4

அவள் கணவனைக் கூப்பிட்டாள். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது.

"உங்கம்மா இல்லம் பாத்துட்டு இருக்காங்க."

"என்ன இல்லம்?"

"வயசானவங்க தங்குற இல்லம். தெனமும் பாக்குறாங்க."

அவன் அங்கே யாரையோ தள்ளி நிற்கச் சொல்லிக் கத்திவிட்டு வந்தான்.

"அம்மாவையே கேளேன்."

"நீங்க கேளுங்க. உங்கம்மா."

"நீதான கூட இருக்க."

"கூட இருக்குறதாலதான் கேக்க முடியல."

அவன் சரி பார்க்கலாம் என்றான். 'சரி பார்க்கலாம்' என்று சொல்லிய ஆண் எதையும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது உள்ளறையிலிருந்து மாமியார் குரல் கேட்டது. பழைய தொழில் குரல், தெளிவாக, அவசரமில்லாமல்: "ஒருத்தருக்கு அறை இருக்குமா? ஆமா, எனக்குத்தான்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

5

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமே என்கிறீர்கள். தெரியும். நானும் கதை படிக்கும்போது அப்படித்தான் எரிச்சல்படுவேன். ஆனால் இவர்கள் பேசாமல் இருக்கவில்லை. பேசினார்கள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேசியதை அப்படியே தருகிறேன்.

"மாத்திரை போட்டீங்களா அத்தை?"

"போட்டேன். இப்பதான் எல்லாம் தெளிவாத் தெரியுதே."

"அந்தப் பக்கம் உபயோகமா இருக்கா?"

"நல்லாத்தான் செஞ்சிருக்க. அழுத்தினா நேரா கொண்டுபோய் விட்டுடுது."

மருமகள் தட்டைப் பார்த்தாள். "நீங்க என்னெல்லாம் பாக்குறீங்கன்னு நானும் பாத்தேன்."

"பாத்திருப்ப. பாக்கணும்னுதான தொறந்தே கெடக்குது."

"உங்களுக்கு அது... பிடிச்சிருக்கா?"

மாமியார் தண்ணீரைக் குடித்து முடித்தார். "பிடிக்கிறதுக்கு என்ன. காத்தோட்டமாத்தான் இருக்கும்போல."

இருவரும் தாங்கள் பயந்தது உண்மைதான் என்று தெரிந்துகொண்டு எழுந்து கை கழுவினார்கள். இதில் எந்த வாக்கியத்தை மாற்றினால் கதை கெட்டுப்போகும் என்று தேடிப் பார்த்தேன். எல்லாவற்றையுமே மாற்றலாம். அவர்கள் மாற்றவில்லை.

6

விடுமுறை நாள் காலை. மருமகள் எழுந்து வந்தபோது மாமியார் குளித்து, நல்ல புடவை கட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பை. மேசையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி சொல்லிட்டேன். வந்துடும்."

"எங்க அத்தை?"

"எங்கேன்னா? நீ எங்க அனுப்புனியோ அங்கதான்."

"நானா? நான் எங்க அனுப்புனேன்?"

மாமியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினி பக்கம் திரும்பினார். மருந்துக்கடைப் பக்கத்தைத் திறந்தார். 'எந்த மாத்திரை, எந்த வேளை' என்ற இணைப்பை அழுத்தினார். தோட்டம் வந்தது. பெஞ்சு வந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நான் மாத்திரை கேட்டேன். இது இங்க கொண்டாந்து விடுது. சரி, தெரியாம வந்துட்டோம், திரும்புவோம்னா..." இடது மூலையில் திரும்பிப்போகும் அம்புக்குறியை அழுத்தினார். அது மங்கிக்கிடந்தது. இன்னொரு முறை அழுத்தினார். "இது செத்துப்போச்சு. தெனமும் அழுத்திப் பாக்குறேன். நீ கட்டினதுல போக வழி இருக்கு, வர வழி இல்ல."

மருமகள் குனிந்து பார்த்தாள். பக்கத்தின் கீழே, வெகு கீழே, மாத்திரை வேளைகளின் அட்டவணை இருந்தது. இல்லத்து நர்ஸ்கள் எழுதியது. இல்லம் மருந்துக்கடைக்காரரின் தம்பியுடையது என்று அடியில் போட்டிருந்தது. அண்ணன் கொடுத்த முகவரியை இவள் திறந்து பார்க்காமல் கோத்திருக்கிறாள். புது டேப் என்பதால் அம்புக்குறிக்குத் திரும்பிப்போக இடமில்லை. பழைய பக்கம் அதே திரையின் உச்சியில், சின்ன எழுத்தில், பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. அந்த உச்சியை மாமியார் பார்த்ததே இல்லை.

"ஐயோ அத்தை, இது எனக்குத் தெரியாது. மொத்தமா போட்டது. எது எங்க போகுதுன்னு நான் பாக்கவே இல்ல."

"லைன் குடுத்தவளுக்கு, அந்தப் பக்கம் யாருன்னு தெரியாதா?"

"தெரியாது. எங்க வேலையில தெரியாது."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வோர் ஒயரையும் கையால் செருகி, மறுமுனையில் குரல் வரும்வரை காத்திருந்து, பேசி முடித்தார்களா என்று நடுவில் எட்டிக் கேட்ட பெண்மணிக்கு இது நம்ப முடியாத செய்தி. ஆனால் மருமகளின் முகத்தை நம்பினார் என்றே நினைக்கிறேன்.

"சரி. தெரியாமப் போட்டதுன்னே வெச்சுக்குவோம். தெரிஞ்ச பிறகு ஏன் மூடல?"

மருமகள் திரையின் உச்சியில் இருந்த டேப் வரிசையைப் பார்த்தாள்.

"தெனமும் சாயங்காலம் நீ இதுலதான உக்கார்ற."

"நீங்களும் மூடலியே அத்தை."

"எனக்கு மூடத் தெரியாது."

7

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். (பேனா இல்லை, விசைப்பலகைதான். எழுந்து நடந்தது உண்மை.)

மூடத் தெரியாது என்றாரே மாமியார், அதை நான் நம்ப வேண்டுமா? காலமெல்லாம் ஒயரைச் செருகிப் பிடுங்கியவருக்கு ஒரு டேபை மூடத் தெரியாதா? ஒருவேளை மருமகள் பார்க்கட்டும், பார்த்துவிட்டு "என்ன அத்தை இது, எங்கேயும் போக வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றே தினமும் திறந்து வைத்தாரோ? அப்படியானால் இவளும் மூடாமல் சோதித்தாள், அவரும் மூடாமல் சோதித்தார். வேண்டாம். எல்லோரையும் சந்தேகப்பட்டுக் கடைசியில் இந்தக் கதையில் நான் ஒருவன்தான் மிஞ்சுவேன். அந்த ஆளை எனக்குத் தெரியும், அவனையும் நம்ப முடியாது.

8

மருமகள் கணினி பக்கம் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தின் உள்ளே புகுந்து, தான் சேர்த்த சொல்லைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டாள். கண்ணில் நீர் நின்றதால் இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மருந்துக்கடைக்காரர் நாளைக்குச் சத்தம் போடுவார். போடட்டும்.

"இப்ப அழுத்துங்க அத்தை."

மாமியார் அழுத்தினார். தோட்டம் அதே பக்கத்தில் வந்தது. அம்புக்குறி இப்போது கறுப்பாக, உயிரோடு இருந்தது. அழுத்தினார். மருந்துக்கடை வந்தது. மறுபடி போனார், மறுபடி வந்தார். குழந்தைபோலச் சிரித்தார் என்று எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சரிபார்த்தார்.

"இப்ப திரும்பி வரலாம்ல?"

"வரலாம் அத்தை."

"அப்ப போயிட்டு வரேன்."

"அத்தை?"

"ஒரு மாசம் இருந்து பாக்குறேன். அறை சொல்லியாச்சு. அங்க பேசுறதுக்கு ஆளுங்க இருக்காங்களாம். பிடிக்கலேன்னா அம்பு இருக்குதே." கண்ணாடியைக் கழற்றினார். பையை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றார். மருமகளும் நின்றாள். யாராவது ஒருவர் பேச வேண்டிய இடைவெளி அது, நன்றாகவே விட்டிருக்கிறேன். கீழே வண்டி ஹாரன் அடித்தது. மாமியார் படி இறங்கினார்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். மருமகள் ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்: நான் நம்பவில்லை, அவளும் நம்பமாட்டாள். மாமியார் இல்லத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறார், பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறார்: விளம்பரம். மகன் விஷயம் தெரிந்து கிளம்பி வருகிறான்: அவன் சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டானே, அதோடு...

மூன்றாவது வாசிப்பில்தான் ஒன்றைக் கவனித்தேன். கண்ணாடி. கழற்றினார் என்று எழுதியிருக்கிறேன், கூட்டில் போட்டார் என்று எழுதவில்லை. அது விசைப்பலகையின் மேல், இரண்டு கால்களையும் விரித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி கிடக்கிறது. அது இல்லாமல் அவரால் ஒரு மாத்திரையின் பெயரைக்கூடப் படிக்க முடியாது. மறந்தாரா, வைத்துவிட்டுப் போனாரா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

மருமகள் அதை எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் மேல் போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம், மேசைக்கென்று நான் முன்பு சொன்ன அதே இடத்தில் விழுந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு படி இறங்கி ஓடினாள்.

வண்டி இன்னும் கிளம்பவில்லை. மாமியார் பின்னிருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தன் பக்கத்துக் கதவை இன்னும் சாத்தவில்லை. ஓட்டுநர் தனக்கு முன்னாலிருக்கும் கண்ணாடியில் பார்த்து, "சாத்திக்கங்கம்மா" என்கிறார். "லைன்ல இருங்க" என்கிறார் அவர்.

மருமகள் மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். கண்ணாடியை நீட்டுகிறாள். அவள் சொல்லப்போகிற வாக்கியத்தின் முன்பாதி எனக்குத் தெரியும்: "கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டீங்க அத்தை." பின்பாதி ஒரே ஒரு சொல். "இந்தாங்க" என்று சொல்லலாம். "வாங்க" என்று சொல்லலாம்.

நீங்கள் யோசிக்காமல் "வாங்க" என்பீர்கள். அந்த வேகத்தில்தான் எனக்குச் சந்தேகம். உள்ளறையில் மேசையைப் போட்டுப் பார்த்தது நீங்கள் இல்லையே. தினமும் தெரிந்தே மூடாமல் எழுந்து போனதும் நீங்கள் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்கப்போகிற பெண்மணியோ, மறுமுனையில் வருகிற குரல் மனதிலிருந்து வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா என்று காலமெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர். ஆகவே கொஞ்சம் நின்று, அவள் வீட்டுக்குள் ஒருமுறை போய், அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நான் எதையும் தனியாகத் திறந்து வைக்கவில்லை. இந்தப் பக்கத்தை உங்களுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கவும் போவதில்லை.

வந்த பிறகு சொல்லுங்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.